யானையின் வாயும் யானையின் காலும்

(ஒடுகத்தூரில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்கு முந்திய கடைசிப் பேச்சு என்னுடையது. பக்கத்துக் கூடத்தில் இலை போடும் சத்தம் உங்களுக்குக் கேட்பது போலவே எனக்கும் கேட்கிறது. அதிலும் தலைப்பு வரி! "கல்யாண மண்டபத்துல உக்கார வெச்சு வரியைப் பத்திப் பேசினா எவன்டா கேப்பான்?" என்று என் வகுப்புத் தோழன் ஒருவன் காலையிலேயே எச்சரித்துவிட்டான். ஆனாலும் விழாக் குழுவினர், "தமிழ்நாட்டு அறிஞர் ஒருத்தரைப் பத்திப் பேசுங்க" என்று கேட்டபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்த பெயர் டாக்டர் ராஜா ஜே. செல்லையா. 1922-இல் பிறந்து 2009-இல் சென்னையில் மறைந்தவர். இந்திய வரிச் சீர்திருத்தத்தின் தந்தை என்று பலரும் குறிப்பிடும் பொருளாதார அறிஞர். 2007-இல் பத்ம விபூஷண் விருது பெற்றவர். இவ்வளவு இருந்தும், இந்தக் கூடத்தில் எத்தனை பேர் இவர் பெயரைக் கேட்டிருக்கிறீர்கள் என்று கை தூக்கச் சொன்னால் பத்துக் கை எழும்புமா என்பது சந்தேகம்தான்.

ஒரு இன்ஜினீயருக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நான் ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்கூடத்தில் உற்பத்திப் பிரிவில் வேலை பார்ப்பவன். இரும்புத் தகடு வாங்குவோம், வெட்டுவோம், வளைப்போம், வெல்டு வைப்போம், இயந்திரமாக்கி அனுப்புவோம். 2017 ஜூன் மாதம் வரை எங்கள் சரக்கு ஒன்று வெளியே போவதென்றால் கலால் வரிக்கு ஒரு கணக்கு, மாநிலத்தின் மதிப்புக் கூட்டு வரிக்கு ஒரு கணக்கு, வெளிமாநிலம் என்றால் மத்திய விற்பனை வரி, பொருத்திக் கொடுத்த வேலைக்குச் சேவை வரி. லாரி ஆந்திர எல்லைச் சோதனைச் சாவடியில் வரிசையில் நிற்கும். 2017 ஜூலை முதல் தேதி ஜிஎஸ்டி வந்தது. வணிகவரிச் சாவடிகள் போயின. நான்கு கணக்கு ஒரு கணக்கானது. நல்லதோ கெட்டதோ, இவ்வளவு பெரிய ஏற்பாட்டை முதலில் யார் யோசித்தார்கள், எப்போது யோசித்தார்கள் என்று ஆர்வத்தில் தேடப் போனேன். ஒவ்வொரு இழையாகப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனபோது பெரும்பாலான இழைகள் செல்லையா அவர்களின் மேசையைத் தொட்டுக்கொண்டுதான் போயின.

வரியைப் பற்றித் தமிழனுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்னது புறநானூற்றில் 184-ஆவது பாட்டாக இருக்கிறது. பள்ளியில் படித்திருப்பீர்கள். கருத்தை மட்டும் நினைவுபடுத்துகிறேன். சின்ன நிலமாக இருந்தாலும், விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் வரும். பெரிய வயலாகவே இருந்தாலும், யானை தானே இறங்கித் தின்னப் போனால், வாய்க்குள் போவதைவிடக் காலடியில் நசுங்குவது அதிகம். அரசனுக்கு வரி வேண்டாம் என்று புலவர் சொல்லவில்லை. யானைக்குச் சாப்பாடு வேண்டும். எப்படி எடுப்பது என்பதுதான் பேச்சு.

டாக்டர் செல்லையாவின் ஆய்வு வாழ்க்கை முழுவதையும் நான் இந்த ஒரு வரிக்குள் அடக்கிப் பார்க்கிறேன்: யானையின் வாய்க்குள் போவது எவ்வளவு, யானையின் காலடியில் நசுங்குவது எவ்வளவு என்று கணக்குப் போட்டவர் அவர். வாய்க்குள் போவது பட்ஜெட்டில் எழுதியிருக்கும். காலடியில் நசுங்கியது எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது. அதைக் கணக்கிட ஓர் ஆராய்ச்சியாளர் வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படித்துவிட்டு, அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். 1960-இல் லண்டனில் வெளிவந்த அவருடைய முதல் பெரிய நூல், வளர்ச்சி குன்றிய நாடுகளின் நிதிக் கொள்கையைப் பற்றியது, இந்தியாவைச் சிறப்பாக எடுத்துக்கொண்டு எழுதியது. அந்தக் காலத்தில் வரிப் பாடப் புத்தகங்கள் இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற பணக்கார நாடுகளை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருந்தன. மக்களில் பெரும்பாலோர் விவசாயிகளாகவும், கணக்கு எழுதாத சிறு வியாபாரிகளாகவும் இருக்கும் நாட்டில் அரசாங்கம் எப்படிப் பணம் திரட்டும் என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி.

அடுத்து அவர் செய்த வேலை உலக அளவில் பேசப்பட்டது. 1970-களின் முற்பகுதியில் வாஷிங்டனில் சர்வதேச நிதியத்தில் பணியாற்றியபோது, 1971-இல் வளரும் நாடுகளின் வரிப் போக்குகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். 1975-இல் இரண்டு சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 47 நாடுகளை ஒப்பிட்டு இன்னொன்று எழுதினார். அதில் மையமான கருத்து, வரி முயற்சி. இதை நம்ம ஊர்க் கணக்கில் சொல்கிறேன்.

பீஞ்சமந்தை மலையிலிருந்து இறங்கி வந்து படித்த ஒரு பையன் 70 மார்க் வாங்குகிறான். வேலூர் டவுனில், வீட்டுக்கு எதிரிலேயே டியூஷன் வைத்துக்கொண்டு இன்னொரு பையனும் 70 வாங்குகிறான். இரண்டும் ஒரே 70-தானா? மார்க்ஷீட்டில் ஒன்றுதான். முயற்சியில் ஒன்றல்ல. நாடுகளும் அப்படியே. ஒரு நாட்டில் பெரிய சுரங்கம் இருக்கிறது, துறைமுகம் வழியாக நிறைய ஏற்றுமதி போகிறது. அங்கே வரி வாங்குவது சுலபம். சுரங்க வாசலில் ஓர் ஆள், துறைமுக வாசலில் ஓர் ஆள் போதும். இன்னொரு நாட்டில் லட்சக்கணக்கான சிறு நிலங்களும் பெட்டிக்கடைகளும்தான். அங்கே வாங்குவது கடினம். ஆகவே ஒரு நாடு வாங்கும் வரியை மட்டும் பார்க்காதே, அதன் அமைப்புக்கு எவ்வளவு வாங்க முடியும் என்று கணக்கிட்டு, அதோடு ஒப்பிட்டுப் பார் என்றார்கள் அந்த ஆய்வாளர்கள். வரி முயற்சியை அளக்கும் இந்த முறை இன்றுவரை நாடுகளை ஒப்பிடும் ஆராய்ச்சிகளில் தொடர்கிறது. நம் நாட்டில் மத்திய வரிகளில் மாநிலங்களின் பங்கைப் பிரிக்கும் நிதிக்குழுக்கள் சிலவும் வரி முயற்சியை ஓர் அளவுகோலாக எடுத்துக்கொண்டன. 2021 முதல் 2026 வரைக்கான பங்கீட்டைச் சொன்ன 15-ஆவது நிதிக்குழு அதற்கு 2.5 சதவீத எடை கொடுத்தது.

இந்த ஆய்வில் வணிகமும் அரசு நிதியும் எப்படிப் பிணைந்து கிடக்கின்றன என்பதையும் கவனியுங்கள். ஏழை நாடு ஏன் இறக்குமதிக்கு வரி மேல் வரி போடுகிறது? உள்நாட்டுத் தொழிலைக் காப்பாற்ற என்று சொல்வார்கள். அது பாதிதான். மீதிப் பாதி, துறைமுகம் சுலபமான வசூல் வாசல் என்பது. இந்தியாவின் கணக்கைப் பாருங்கள். 1990–91-இல் மத்திய அரசின் மொத்த வரி வருவாய் சுமார் 57,600 கோடி ரூபாய். அதில் சுங்க வரி மட்டும் சுமார் 20,600 கோடி, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். கலால் வரி சுமார் 24,500 கோடி. தனிமனிதர் வருமான வரியும் கம்பெனி வரியும் சேர்ந்து சுமார் 10,700 கோடிதான். சம்பாதிப்பவனிடம் வாங்கியது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் பொருளின் விலைக்குள் ஒளிந்துகொண்டு வந்த வரி.

"நானெல்லாம் வரி கட்டறதே இல்லீங்க, அதெல்லாம் ஆபீசர்ங்க கட்டறது" என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். அது சரியல்ல. மலையிலிருந்து புளியும் சாமையும் கொண்டுவந்து விற்கிற அம்மா, திரும்பிப் போகும்போது சோப்பும் தீப்பெட்டியும் வாங்கிக்கொண்டு போகிறார். அதற்குள் வரி இருக்கிறது. செல்லையா அவர்கள் இன்னொரு ஆய்வாளரோடு சேர்ந்து, 1973–74-ஆம் ஆண்டின் மறைமுக வரிச்சுமை எந்தெந்த வருமானக் குடும்பங்களின் மேல் எவ்வளவு விழுகிறது என்று ஒரு தனி ஆய்வே செய்தார். அதே ஆண்டில் வருமான வரியின் உச்ச விகிதம், கூடுதல் வரியும் சேர்த்து 97.75 சதவீதம்! நூறு ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்தால் இரண்டேகால் ரூபாய்தான் கைக்கு வரும். காகிதத்தில் இது பணக்காரனைப் பிழிகிற மாதிரித் தெரியும். நடந்தது என்ன? கணக்கில் வராத பணம் பெருகியது. யானை வயலில் இறங்கி நடந்தது. வாய்க்குப் போனது கொஞ்சம்தான்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். கரும்பலகை இல்லை, ஆகவே விரல் விட்டு எண்ணிக்கொள்ளுங்கள். வரி பத்து சதவீதம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒரு கம்பெனி 100 ரூபாய் இரும்பை விற்கிறது. வரி 10. பட்டறைக்காரர் 110 கொடுத்து வாங்குகிறார். 100 ரூபாய் வேலை செய்கிறார். 210 ஆயிற்று. அதற்கு வரி 21. ஆக 231. அதை வாங்கி இயந்திரத்தில் பொருத்துகிறவர் இன்னொரு 100 ரூபாய் வேலை செய்கிறார். 331. வரி 33 ரூபாய் 10 காசு. கடைசி விலை 364 ரூபாய் 10 காசு. மொத்த வரி 64 ரூபாய் 10 காசு. உண்மையில் நடந்த வேலையின் மதிப்பு 300-தான். பத்து சதவீதம் என்று பெயர். விழுந்தது இருபத்தொரு சதவீதம். வரிக்கு வரி, அதற்கும் வரி!

"சரி, கவர்ன்மென்டுக்குத்தானே போச்சு, நல்லதுதானே" என்று கேட்கலாம். இங்கேதான் காலடி வருகிறது. இந்த மூன்று வேலையையும் ஒரே பெரிய கம்பெனி தன் வளாகத்துக்குள்ளேயே செய்தால் இடையில் விற்பனையே கிடையாது. 300-க்கு 30 வரி. விலை 330. இப்போது பெரிய கம்பெனி என்ன செய்யும்? வெளியே பட்டறைக்கு ஆர்டர் கொடுக்குமா? "நாமே ஒரு லேத் வாங்கிப் போட்டுக்கலாம்" என்று முடிவெடுக்கும். பட்டறைக்காரர் திறமையில்லாததால் தோற்கவில்லை. வரியின் அமைப்பே அவரை வெளியே தள்ளுகிறது. அந்தப் பட்டறை மூடியது எந்த அரசாங்கக் கணக்கிலும் வரிநஷ்டம் என்று எழுதப்படாது. நசுங்கிய நெல் அதுதான்.

ஏற்றுமதியில் இது இன்னும் மோசம். நம் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஷூ வெளிநாட்டுக்குப் போகிறது. அதற்கான ரசாயனம், பசை, கொக்கி, இயந்திரம் எல்லாவற்றின் விலைக்குள்ளும் ஏதோ ஒரு வரி உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு என்று சரியாகச் சொல்ல ஆளில்லை. போட்டிக்கு நிற்கும் வெளிநாட்டுக்காரன் இந்தச் சுமை இல்லாமல் விற்கிறான். இறக்குமதிப் பொருளுக்குப் போட்ட வரி, சுற்றி வந்து நம் ஏற்றுமதிக்காரர் தலையிலேயே விழுகிறது. வணிகக் கொள்கை ஓர் அலுவலகம், வரிக் கொள்கை இன்னோர் அலுவலகம் என்று பிரித்துவிட்டால் இது கண்ணில் படாது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பதுதான் செல்லையா அவர்களின் தனித்தன்மை.

இதற்கு மாற்று, மதிப்புக் கூட்டு வரி. அவரவர் சேர்த்த மதிப்புக்கு மட்டும் வரி. முன்னவர் கட்டியதைக் கழித்துக்கொள்ளலாம். வியாபாரிகள் பேச்சில் இன்புட் எடுப்பது. மேலே சொன்ன கணக்கில் மூவரும் பத்துப் பத்தாகக் கட்டுவார்கள், மொத்தம் 30. பட்டறையும் பிழைக்கும். 1986-இல் கலால் வரியில் மாட்வாட் என்ற பெயரில் இதன் முதல் வடிவம் இந்தியாவுக்கு வந்தது. ஆனால் அது தொழிற்சாலை வாசலோடு நின்றது. கடைக்கும் சேவைக்கும் வரவில்லை.

1976-இல் டெல்லியில் தேசிய பொது நிதி மற்றும் கொள்கை நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் இவர்தான். அதுவரை வரி விகிதத்தை ஏற்றுவதும் இறக்குவதும் பட்ஜெட்டுக்கு முந்தைய மாதங்களில் கோப்புகளுக்குள் நடக்கும் வேலை. ஆண்டு முழுவதும் உட்கார்ந்து, புள்ளிவிவரம் சேர்த்து, யார் தலையில் எவ்வளவு விழுகிறது என்று ஆராய்வதற்கு ஒரு கூடமும், அதில் பயிற்சி பெற்ற இளைஞர்களும் வந்தது பெரிய மாற்றம். பிறகு திட்டக்குழு உறுப்பினராகவும் ஒன்பதாவது நிதிக்குழு உறுப்பினராகவும் இருந்தார்.

1991. நாட்டின் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்த ஆண்டு. இறக்குமதிக்குச் சில வாரங்களுக்குத்தான் அந்நியச் செலாவணி கையிருப்பில் இருந்தது. அப்போதைய நிதியமைச்சர் டாக்டர் மன்மோகன் சிங், ஆகஸ்ட் மாதம் வரிச் சீர்திருத்தக் குழுவை அமைத்து, அதன் தலைமையைச் செல்லையாவிடம் கொடுத்தார். டிசம்பரிலேயே இடைக்கால அறிக்கை வந்துவிட்டது. 1992 ஆகஸ்டிலும் 1993 ஜனவரியிலும் இறுதி அறிக்கையின் இரண்டு பாகங்கள். நான்கு மாதத்தில் எப்படி எழுதினார்கள் என்று ஆச்சரியப்படுவோம். நான்கு மாதத்தில் எழுதவில்லை. முப்பது வருடமாக எழுதிவைத்திருந்ததை நான்கு மாதத்தில் எடுத்துக் கொடுத்தார் என்பதுதான் பொருத்தம்.

குழு சொன்னதன் சாரம் மிக எளியது. விகிதத்தைக் குறை. அடித்தளத்தை அகலமாக்கு. விதிவிலக்குகளைக் களை. பொருளோடு சேவைக்கும் வரி போடு. சுங்க வரியைப் படிப்படியாக இறக்கு. படிப்படியாக என்பது முக்கியம். ஒரே நாளில் இறக்கினால் உள்நாட்டுத் தொழில் மூச்சுத் திணறும், அரசாங்கத்தின் பையும் காலியாகும்.

பின்னால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். சுங்க வரியின் உச்ச விகிதம் 1991 ஜூலை பட்ஜெட்டில் 150 சதவீதமாக இறங்கியது. 1992-இல் 110, 1993-இல் 85, 1994-இல் 65, 1995-இல் 50, 1997-இல் 40. 2007-இல் விவசாயப் பொருட்கள் நீங்கலாக 10. வருமான வரி 1992-இல் 20, 30, 40 என்று மூன்று படிகளாயிற்று. 1997-இல் 10, 20, 30. சேவை வரி 1994 ஜூலையில் தொலைபேசி, பொதுக் காப்பீடு, பங்குத் தரகு என்ற மூன்றே சேவைகளில் 5 சதவீதமாகத் தொடங்கியது. மாநிலங்களில் மதிப்புக் கூட்டு வரி 2005 ஏப்ரலில் வந்தது. தமிழ்நாடு 2007 ஜனவரி முதல் தேதி சேர்ந்தது. ஜிஎஸ்டி என்ற அறிவிப்பு 2006 பட்ஜெட்டில் வந்ததை அவர் பார்த்தார். 2017-இல் அது நடைமுறைக்கு வந்ததைப் பார்க்க அவர் இல்லை.

நல்லதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினால் நம் பேராசிரியர்கள் என்னை விடமாட்டார்கள். எதிர்த் தரப்பையும் சொல்லியாக வேண்டும். விகிதத்தைக் குறைத்தால் வருமானம் தானாக உயரும் என்ற நம்பிக்கை உடனே பலிக்கவில்லை. 1990–91-இல் மத்திய அரசின் மொத்த வரி நாட்டின் உற்பத்தியில் சுமார் 10 சதவீதமாக இருந்தது. 2001–02-இல் 8 சதவீதத்தின் பக்கம் இறங்கிவிட்டது. சுங்கமும் கலாலும் குறைந்த வேகத்துக்கு மற்றவை ஏறவில்லை. இடைப்பட்ட பத்தாண்டில் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போயிருக்க வேண்டிய பணம் அது என்று வாதிட்டவர்கள் உண்டு. அந்த வாதத்தை லேசாகத் தள்ள முடியாது. பிறகு ஏறியது. 2007–08-இல் 12 சதவீதத்தை நெருங்கியது. அந்த ஆண்டு நேரடி வரிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டின. ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத இடத்திலிருந்து பாதிக்கு வந்தது நியாயத்தின் பக்கம் ஒரு பெரிய நகர்வு என்பது என் கருத்து.

இன்னொரு எதிர்ப்பு மாநில உரிமை பற்றியது. விற்பனை வரி என்பது மாநிலத்தின் சொந்தக் கை. ஜிஎஸ்டியில் அந்தக் கை ஒரு பொது மேசையில் கட்டப்பட்டுவிட்டது. 2016 ஆகஸ்டில் மாநிலங்களவையில் அரசியல் சாசனத் திருத்தம் வந்தபோது தமிழ்நாட்டின் அன்றைய ஆளுங்கட்சி வெளிநடப்புச் செய்தது நினைவிருக்கும். எல்லோருக்கும் ஒரே விகிதம் என்ற வசதிக்கும், அவரவர் மாநிலம் அவரவர் தேவைக்கேற்ப முடிவெடுக்கும் உரிமைக்கும் இடையிலான இழுபறி இன்னும் முடியவில்லை.

விகிதத்தைக் குறைக்கச் சொன்னவர் என்பதால் அவரை வரிக்கே எதிரி என்று நினைத்துவிடக் கூடாது. 2007-இல் மெட்ராஸ் பொருளியல் கல்லூரியின் ஆய்வாளர்களோடு சேர்ந்து அவர் வெளியிட்ட நூல் புதிய வரிகளைக் கேட்கிறது. மாசு உண்டாக்கும் மூலப்பொருட்கள் மீதும், மாசு உண்டாக்கும் உற்பத்திப் பொருட்கள் மீதும் சூழல் வரி. நாம் பாலாற்றுக்காரர்கள். நமக்கு இது நூலகச் சமாசாரமில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தோல் தொழிலின் லாபம் ஒருவருக்கு, கெட்டுப்போன கிணறு இன்னொருவருக்கு என்றால், அந்தத் தோலின் விலை பொய்யான விலை. நீதிமன்றம் தண்டமாகச் சொன்னதை, பொருளாதாரம் முன்கூட்டியே விலைக்குள் வைக்கச் சொல்கிறது. கெடுத்த பிறகு நஷ்டஈடு தேடி அலைவதைவிட, கெடுக்கும்போதே செலவு உறைக்க வேண்டும் என்பது அதன் நியாயம்.

நாம் கூடியிருக்கும் ஒடுகத்தூருக்கே வருவோம். இங்கே வெள்ளிக்கிழமை கூடும் ஆட்டுச் சந்தை சுற்று வட்டாரத்தில் பெயர் பெற்றது. ஆட்டுக்கு ஜிஎஸ்டி உண்டா? உயிருள்ள ஆட்டுக்குக் கிடையாது. அப்படியானால் சந்தைக்குள் வரி வரவில்லையா? ஆட்டை ஏற்றி வந்த வண்டிக்கு டீசல் போட்டார்கள். பெட்ரோலும் டீசலும் ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்கின்றன. மத்திய அரசின் கலால் வரி ஒரு பக்கம், மாநில வரி இன்னொரு பக்கம். அதற்கு யாரும் இன்புட் எடுக்க முடியாது. எனவே டீசலுக்குக் கட்டிய வரி அப்படியே ஆட்டின் விலைக்குள் போகிறது, ஜவ்வாது மலையிலிருந்து வேனில் இறங்கும் பலாப்பழத்தின் விலைக்குள் போகிறது, எங்கள் தொழிற்கூடத்துக்கு வரும் இரும்பின் விலைக்குள்ளும் போகிறது. வரிக்கு மேல் வரி ஒழிந்துவிட்டது என்று சொல்கிறோம். டீசலில் இன்னும் அது ஒழியவில்லை. ஏன் என்று கேட்டால் விடை செல்லையாவின் 1971 கட்டுரையிலேயே இருக்கிறது: சுலபமான வசூல் வாசலை எந்த அரசாங்கமும் லேசில் மூடாது. அன்றைக்குத் துறைமுகம், இன்றைக்குப் பெட்ரோல் பங்க். மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் இதில் வேறுபாடு கிடையாது.

தம்பி தங்கைகளுக்கு ஒரு சொல். ஆராய்ச்சி என்றால் எத்தனை கட்டுரை, எந்த இதழில் என்று எண்ணுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அவருக்கும் நூல்கள் உண்டு. 1960 நூலைச் சொன்னேன். 1996-இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பும் இருக்கிறது. ஆனால் அவர் விட்டுச் சென்றதில் பெரும்பகுதி நூலக அலமாரியில் இல்லை. நம் சட்டைப் பையில் கசங்கிக் கிடக்கும் மளிகைக் கடை பில்லில் இருக்கிறது. டெல்லி நிறுவனத்தில் தொடர்ந்து ஆய்வு செய்யும் தலைமுறைகளில் இருக்கிறது. 1993-இல் சென்னையில் அவர் முன்னின்று தொடங்கிய மெட்ராஸ் பொருளியல் கல்லூரியில் இருக்கிறது. டெல்லியிலும் வாஷிங்டனிலும் உச்சம் தொட்டவர், எழுபது வயதுக்கு மேல் சொந்த மாநிலத்துக்கு வந்து, பிள்ளைகள் படிக்க ஓர் இடம் கட்டினார். கோட்டூர்புரத்தில் அந்தக் கல்லூரி இன்றும் நடக்கிறது. கணக்கு நன்றாக வருகிற, ஆனால் இன்ஜினீயரிங் தவிர வேறு வழியே தெரியாத பிள்ளைகள் நம் பக்கத்தில் ஏராளம். அவர்களிடம் இப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்று சொல்ல வேண்டியது நம் பொறுப்பு.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. ஆண்டுதோறும் நாம் கொடுக்கும் புத்தக நன்கொடையில் இந்த முறை ஒரு தட்டு முழுக்கப் பொது நிதி நூல்கள் வாங்குவோம். கூடவே, மாணவர்கள் ஒரு நாள் இங்குள்ள கடைக்காரர்களோடும் சந்தைக்கு வருகிறவர்களோடும் உட்கார்ந்து, ஒரு பொருளின் விலைக்குள் எத்தனை வரி இருக்கிறது என்று கணக்கிட்டு எழுதட்டும். ஆட்டில் தொடங்கலாம், தீப்பெட்டியில் தொடங்கலாம். அடுத்த ஆண்டு மலரில் அந்தக் கணக்கு அச்சாகட்டும். தன் காசு எங்கே போகிறது என்று தெரிந்த ஊரில்தான், போன காசுக்கு ரோடு எங்கே, பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்கிற குரல் வரும். மலைக் கிராமங்களுக்கு ஒழுங்கான பாதை கேட்டு நடக்கும் பெரியவர்களுக்கு அந்தக் குரல் தேவைப்படுகிறது.

இலை போட்டாயிற்று என்று செயலாளர் சைகை காட்டுகிறார். உங்களையும் சாம்பாரையும் காக்க வைக்க எனக்கு மனமில்லை.